தாளின் பின்பக்கம்

ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்காதீர்கள். ஒரு ஸ்டூலாவது கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாம் இருவரும் பேசுவதைக் கவனித்தீர்களா? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான். போன வாரம் நாற்பது நொடி அப்படியே இருந்தோம், நான் எண்ணினேன். எழுதினால் ஒரு பக்கமாவது வரும் என்று தோன்றியது.

இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. விடுதியில் இந்த முறை மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் அடிவயிறு தெரிகிறது. அறைத்தோழி ஓயாமல் பேசுகிறவள். நான் பதில் சொல்லாததை அவள் கவனிப்பதே இல்லை, எனக்கு அது வசதி.

கட்டுமான மேலாண்மை என்றால் சுவர் எழுப்பக் கற்றுக்கொடுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் நினைக்கிறார்கள். அதெல்லாம் குறைவு. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, அதற்கு எத்தனை நாள், தாமதமானால் யாரை எங்கே மாற்றுவது, இதுதான் முக்கால்வாசிப் பாடம். அண்ணன் விண்ணப்பத்தை நிரப்பும்போது சொன்னாரே, "சைட்டுல எங்களைத் திட்டுறவன் எல்லாம் வெளியாளா இருக்கான். திட்டுறதாவது நம்ம வீட்டு ஆளா இருக்கட்டும்" என்று. அவர் இறந்த மூன்றாம் மாதம் இங்கே வந்து சேர்ந்தேன். ஒன்றும் தோன்றாமலே சேர்ந்தேன், ஒன்றும் தோன்றாமலே முதல் வருடம் முடிந்தது. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது மாதிரி இருக்கிறது. நடக்கிறேன், தரை தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 19

எங்கள் வீட்டு மேஸ்திரிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் அண்ணன் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கடையில் இப்போது என்னை லென்ஸ் ஓரம் தேய்க்கும் மெஷினில் போட்டுவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி ஃப்ரேமுக்குள் உட்காரும்வரை லென்ஸின் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடினால் உட்காராது, கொஞ்சம் குறைந்தால் கழன்று விழும். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கை நிதானம்மா" என்றார். கை நிதானம்தான், வாய்தான் நிதானமில்லை.

உண்மையைச் சொல்கிறேன். உன் அண்ணனைத் தினமும் திட்டுகிறேன். பல் துலக்கும்போது ஆரம்பித்தால் கடை ஷட்டரைத் தூக்கும்வரை ஓடுகிறது. "ஒரு கொக்கி. ஒரே ஒரு கொக்கி. மாட்டினா கை தேஞ்சா போயிடும்?" கம்பெனிக்காரர்கள் அனுப்பிய கடிதம் நினைவிருக்கிறதா? பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டாத நிலையில் ஏழாவது மாடியிலிருந்து விழுந்தார், அவ்வளவுதான் எழுதியிருந்தது. சாவு வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் மேல் உள்ள கோபத்தில்தான் இன்றுவரை எழுந்து நடமாடுகிறேன்.

நீ படிப்பது அதே படிப்பு. எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். அவர் ஏன் மாட்டவில்லை? யாரிடமாவது கேட்டுச் சொல்.

பத்திரமாக இரு.

அண்ணி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணி காய்வதில்லை. உங்களுக்கு ஸ்டூல் கிடைத்ததா?

நீங்கள் கேட்டதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பாதுகாப்புப் பாடம் அடுத்த பருவத்தில்தான் வருகிறது.

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். திட்டமிடல் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கட்டடம் இரண்டு நாள் பின்தங்கிவிட்டது. ஆளைக் கூட்டக் கூடாது, சாமான் கூட்டக் கூடாது, அந்த இரண்டு நாளை மட்டும் மீட்க வேண்டும். தாளில் இருபத்திரண்டு வேலைகள், எண் போட்டுக் கட்டம் கட்டமாக. பின்பக்கம் ஏதோ பட்டியல் இருப்பதாகக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. பதினான்காம் வேலைக்கு இரண்டு நாள். அது முடிந்த பிறகே பதினைந்து தொடங்குவதாக இருந்தது. நான் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினேன். இரண்டு நாள் கையில் வந்துவிட்டது. வகுப்பில் நான்தான் முதலில் எழுந்து கொடுத்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு "கணக்கு சரி" என்று எழுதினார்.

எவ்வளவோ நாளைக்குப் பிறகு என் மூளை ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 16

மேஸ்திரி அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். ஸ்டூல் கிடைத்துவிட்டது, அது ஒரு காலில் ஆடுகிறது, அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். துணியை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே, சளி பிடிக்கும்.

உன் கடிதத்தை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைப் பரிசோதிக்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரும் கேட்டார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் காணாமல் போன இரண்டு நாளை நீ எங்கிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்தாய் என்பது மட்டும் மூன்று பேருக்கும் புரிந்தது. "கெட்டிக்காரி" என்றார் பெரியவர். உன் அண்ணன் இருந்திருந்தால் இதற்குள் சைட்டு முழுக்கத் தண்டோரா போட்டிருப்பார்.

அந்த ஆசிரியரிடமே கேட்டுப் பாரேன். பத்து வருஷம் சென்ட்ரிங் வேலை பார்த்த ஆள், கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஆள், எதனால் பெல்ட்டை மாட்டாமல் ஓரத்துக்குப் போவான் என்று கேள். நம் வீட்டு விஷயம் என்று சொல்ல வேண்டாம், பொதுவாகக் கேள்.

சீக்கிரம் எழுது.

அண்ணி


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். பரீட்சை நடந்தது. மழை நின்றுவிட்டது. அந்தப் பயிற்சியின் இரண்டாம் பகுதியையும் வகுப்பில் முடித்துவிட்டார்கள். எழுதும்படி ஒன்றும் இல்லை.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 6

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். உனக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது. ஆறு வாரம் கழித்து வந்த கடிதம் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது, நாலு வரி, அதுவும் எனக்குப் புரியாத கையெழுத்தில்.

உன் அறைத்தோழி எனக்குப் போன் செய்தாள். நீ வகுப்புக்கே போவதில்லையாம். காலையில் குளித்து, உடை மாற்றி, பையை மாட்டிக்கொண்டு கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறாயாம். "எதுக்குப் பையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேடின்னு கேட்டா, கழட்டத் தோணலன்னு சொல்றாக்கா" என்றாள்.

உனக்கு நானும் எனக்கு நீயும்தான் மிச்சம். யாராவது ஏதாவது சொன்னார்களா? படிப்பு பிடிக்கவில்லையா? எதுவானாலும் எழுது, நான் திட்ட மாட்டேன். என் திட்டெல்லாம் ஒரே ஆளுக்குத்தான்.

அண்ணி


அக்டோபர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டுப் பதறிக்கொண்டு கிளம்பி வந்துவிடாதீர்கள்.

செப்டம்பர் முதல் வாரம் அந்தப் பயிற்சியின் இரண்டாம் பகுதிக்காகத் தாளை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆசிரியர், "தாளைத் திருப்பிப் பாருங்க" என்றார். பின்பக்கம் அந்த இருபத்திரண்டு வேலைகளின் பெயர்கள் இருந்தன. பதினான்கு: தளத்தின் ஓரத்தில் கம்பம் நட்டு, பெல்ட் கொக்கியை மாட்டும் கம்பிக்கயிறு கட்டுதல். பதினைந்து: ஓரத்தில் சென்ட்ரிங் பலகை அடித்தல்.

நாற்பத்தொரு பேரில் மூன்று பேர்தான் எழுதுவதற்கு முன்பு தாளைத் திருப்பியிருக்கிறார்கள். மற்ற எல்லோரும் நான் செய்ததையே செய்திருந்தார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. இது உண்மையில் நடந்தது, அங்கே திட்டம் போட்ட இன்ஜினியரும் இதையே செய்தார் என்று சொல்லி விசாரணை அறிக்கையைக் கொடுத்தார். அவர் அந்த விசாரணைக் குழுவில் இருந்தவராம். பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். ஏழாவது மாடி, வடக்கு ஓரம், மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. சென்ட்ரிங் தொழிலாளி, வயது முப்பத்தொன்று.

அப்போதும் வேறு யாராவதாக இருக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் பெல்ட்டின் படம் இருந்தது. இடுப்பில் உராய்கிறது என்று உங்கள் கடையில் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தீர்களே, அந்தத் துணி இருந்தது. உங்கள் தையல்தான். எனக்குத் தெரியாதா?

அண்ணி, அண்ணன் பெல்ட்டைப் போட்டிருந்தார். இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். கொக்கியும் நன்றாக இருந்தது. தெற்குப் பக்கம் கயிறு கட்டி முடித்துவிட்டார்கள். வடக்கு ஓரத்தில் அப்போதுதான் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை அடிக்கச் சொல்லி இவர்களை அங்கே அனுப்பிவிட்டார்கள். கொக்கியை மாட்டவில்லை என்று கம்பெனி எழுதியது பொய் இல்லை. மாட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை, அதை அவர்கள் எழுதவில்லை.

வகுப்பில் ஒருவன் எழுந்து, "சார், கடைசியில அந்த ரெண்டு நாள் கெடச்சுதா?" என்று கேட்டான். "இல்ல. விசாரணைக்காகப் பன்னிரண்டு நாள் வேலை நின்னுது" என்றார் ஆசிரியர். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கை தானாக எழுதியது. மணி அடித்ததும் போய்ச் சாப்பிட்டேன், துணி துவைத்தேன். அழுகை வரவில்லை. நான் யார் என்று ஆசிரியரிடம் சொல்லவில்லை.

நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள். ஏன் என்பது என்னிடமே இருக்கிறது, "கணக்கு சரி" என்று கையெழுத்தோடு. எனக்குத் தெரியாது, அது வெறும் எண்தானே என்று சொல்லிப் பார்க்கிறேன். அந்த இன்ஜினியரும் அதைத்தான் சொல்லியிருப்பார். தாளைத் திருப்ப ஒரு நொடி ஆகியிருக்கும். முதலில் எழுந்து கொடுக்க வேண்டும் என்றிருந்தது எனக்கு.

இதை உங்களிடம் மறைத்தது அண்ணனுக்காக இல்லை. நீங்களும் என்னை விட்டுவிட்டால் எனக்கு யாரும் இல்லை என்ற பயத்தில்தான்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். என் கடிதம் கிடைத்ததா? கடைக்குப் போன் செய்தேன், நீங்கள் வேலைக்கு வருவதாகச் சொன்னார்கள், உங்களைக் கூப்பிடுகிறோம் என்றார்கள். காத்திருந்தேன். வீட்டு எண்ணுக்கும் மூன்று முறை அடித்தேன்.

வகுப்புக்குப் போகிறேன். பின்வரிசையில் உட்காருகிறேன். விடுமுறை டிசம்பர் இருபதில் தொடங்குகிறது. வரலாமா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


டிசம்பர் 12

என் நாத்தனாருக்கு,

நான் இருக்கிறேன். நீ பயந்திருப்பாய். பயப்படும்படி விட்டது என் தப்பு.

உன் கடிதத்தைக் கடையில்தான் பிரித்தேன். பெல்ட் படம் வரைக்கும் படித்துவிட்டு, மடித்து லென்ஸ் டப்பாவுக்குள் வைத்துவிட்டு, கையில் இருந்த கண்ணாடியைத் தேய்த்து முடித்தேன். அது ஃப்ரேமில் உட்காரவில்லை. அடுத்ததும் உட்காரவில்லை. முதலாளி வந்து மெஷினை நிறுத்தினார்.

உன்னை விட்டுவிடுவேனோ என்று எழுதியிருந்தாய். ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு வாரம் உன்னை வெறுத்தேன். இரண்டு நாளைப் பிடுங்கினாள் கெட்டிக்காரி என்று மூன்றாம் மனிதருக்கெல்லாம் வாசித்துக் காட்டினேனே, அதை நினைத்து நினைத்து எரிந்தேன். உன்னைத் திட்டி எழுதத் தாளை எடுத்தேன். இரண்டு முறை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் வேறொன்று முன்னால் வந்து நின்றது.

உன் அண்ணனை உனக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரும் முன்பு அதை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கிற ஆள். தெருவைக் கடக்க என் கையைப் பிடித்தால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் விட மாட்டார். ஐந்து வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். எவனோ ஆபீசில் உட்கார்ந்து ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்பினான், உடனே நம்பிவிட்டேன். "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்று ஒரு வாய் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலே தினமும் திட்டியிருக்கிறேன். பதில் சொல்ல முடியாத மனுஷனை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். நீ ஒரு தாளைத் திருப்பவில்லை. நான் என்ன செய்தேன் என்று பார்.

இப்போது காலையில் பல் துலக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. திட்ட ஒன்றும் இல்லை. அப்படி ஒரு நாள் நின்றேன், அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை. இருபது மாதத்துப் பாக்கி எல்லாம் வருகிறது. போனை எடுக்காததற்கு அதுதான் காரணம், எடுத்தால் உனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும்.

அதனால் விடுமுறைக்கு வராதே. கோபமில்லை. இரண்டு அறை வீடு, நீ இருந்தால் உனக்குச் சாப்பாடு போட வேண்டும், உன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொள்வேன். நான் அவருக்காக அழுது முடிக்கவில்லை. முடித்ததும் கூப்பிடுகிறேன். கட்டாயம் கூப்பிடுவேன், இதை நம்பு.

அதற்குள் எனக்கு ஒன்று செய். அந்த வாரத்தைச் சரியாக எழுதி அனுப்பு. பதினான்கு முதலில், பதினைந்து பிறகு. எண் வேண்டாம், என்ன வேலை, யார் எங்கே என்று எழுது. எத்தனை நாள் தாமதமானாலும் ஆகட்டும். எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

படிப்பை விடாதே. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


டிசம்பர் 23

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். விடுதியில் ஆறு பேர்தான் இருக்கிறோம், நடையில் யாராவது நடந்தால் எல்லா அறைக்கும் கேட்கிறது. நீங்கள் கூப்பிடும்போது வருகிறேன். அதுவரை கேட்க மாட்டேன்.

நீங்கள் சொன்னதை எழுத நான்கு நாள் ஆயிற்று. வேலைகளும் ஆட்களும் அறிக்கையில் உள்ளபடி. வரிசை மட்டும் நான் மாற்றியது.

திங்கள். கம்பம் நடும் இருவர் மட்டும் ஏழாவது மாடியில். அவர்கள் பெல்ட்டை உள்பக்கத் தூணில் கட்டியிருப்பார்கள். நான்கு ஓரத்திலும் கம்பம் நடுதல். சென்ட்ரிங் குழு ஐந்து பேரும் தரைத்தளத்தில், பலகை அளந்து அறுத்தல்.

செவ்வாய். அதே இருவர் கம்பிக்கயிறு இழுத்துக் கட்டுதல். முதலில் வடக்கு, பிறகு மற்ற மூன்று பக்கம். மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கயிற்றைச் சோதித்தல். காலை பத்தே கால் மணி: சென்ட்ரிங் குழு தரைத்தளத்தில். தேநீர். பிறகு பலகை அறுப்பது தொடர்கிறது.

புதன். காலை எட்டு மணிக்குச் சென்ட்ரிங் குழு ஏழாவது மாடிக்கு ஏறுதல். ஒவ்வொருவரும் கொக்கியைக் கயிற்றில் மாட்டி, இழுத்துப் பார்த்த பிறகு ஓரத்துக்குப் போதல். அண்ணன் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். தெற்கு, கிழக்கு ஓரங்களில் பலகை அடித்தல்.

வியாழன். மேற்கு ஓரம். மதியத்துக்குப் பிறகு வடக்கு ஓரம், அண்ணனும் இன்னொருவரும். மாலை ஐந்தரைக்குக் கடைசிப் பலகை.

ஆறு மணி, வேலை முடிவு. கட்டடம் இரண்டு நாள் தாமதம். சென்ட்ரிங் குழுவில் ஐந்து பேர் ஏறினார்கள். ஐந்து பேரும் இறங்கிவிட்டார்கள், அண்ணி.

உங்கள் நாத்தனார்